அடுக்களை கூறும் தீர்ப்பு

கல்லூரி மலரிலே காவியங்களைப்பற்றியும் கலைகளைப்பற்றியும் எழுதுதலே முறையாயிருக்க, ரொட்டியையும் இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும்பற்றி எழுதப் புகுவது தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சுவையை ஆறாக வகுத்துப் பெயரிட்டு, விருந்தோம்பலை இல்லறத்தின் பயனென்று போற்றி வந்த நம் மொழியிலே, உணவு பேசத்தகாத பொருளாகாது என்பது எம் துணிபு. அன்றியும், யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பண்டம் உண்பார் நாவோடு நில்லாது இரண்டு பெருநகரங்களின் மானத்தையும் தொடுவது. கியூபச் சாண்ட்விச் என்று வழங்கும் அச்சிற்றுண்டி, ரொட்டிக்கிடையே இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சூட்டிலே அழுத்திச் செய்யப்படுவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த புளோரிடா மாநிலத்திலே, அது தமக்கே உரியதென்று டாம்பா நகரத்தார் ஒருபுறமும் மயாமி நகரத்தார் மற்றொருபுறமும் நின்று வழக்காடுகின்றனர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். இவ்வழக்கிலே கொண்டாட்டம் உணவுக்கடைக்காரருக்கே.

இவ்வழக்கில் எமக்கும் ஒரு கருத்து உண்டு. ஒரு பண்டத்தின் உண்மை வடிவம் யாதென்பதை நகரசபைத் தீர்மானம் கூறமாட்டாது. ஊர்ப் பெருமையும் கூறமாட்டாது. தன் வீட்டு அடுக்களையிலே அதனைத் தானே செய்து பார்த்தவனுக்கே அது விளங்கும். இதனை இயன்ற மட்டும் விளக்க முயல்வோம்.

முதற்கண் இச்சிற்றுண்டி யாதென்பதை அறிதல் வேண்டும். மேலோடு மெல்லியதாகவும் உள்ளீடு பஞ்சுபோன்றதாகவும் உள்ள நீண்ட கியூப ரொட்டியை நெடுக்காக இரண்டாகப் பிளப்பர். அதனிடையே, ஹாம் எனப்படும் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சீரகமும் சேர்த்து ஊறவைத்துச் சுட்ட பன்றியிறைச்சி, சுவிஸ் பாலாடைக்கட்டி, உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய்த் துண்டுகள், மஞ்சள் நிறக் கடுகு விழுது ஆகியவற்றை அடுக்குவர். மேலே சிறிது வெண்ணெய் தடவிச் சூடேறிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கிடையே வைத்து அழுத்துவர். ரொட்டி பாதிக் கனமாகத் தட்டையாகி, மேலே பொன்னிறம் பெற்று மொறுமொறுத்து, உள்ளே பாலாடைக்கட்டி உருகி எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிணைத்தபின் குறுக்காகச் சாய்த்து வெட்டி உண்பர். இவ்வளவே பண்டம். டாம்பா நகரத்தார் இவற்றோடு ஸலாமி என்னும் இத்தாலிய உப்பிறைச்சியின் மெல்லிய வில்லைகளையும் சேர்ப்பர். மயாமி நகரத்தார் சேர்க்கமாட்டார். வழக்கின் உயிர்நாடி இதுவேயாம்.

டாம்பா நகரத்தார் தம் உரிமைக்குக் காட்டும் சான்று அந்நகரின் தொழில் வரலாற்றோடு பிணைந்தது. ஸ்பெயின் நாட்டிற் பிறந்து கியூபாவிலே சுருட்டுத் தொழில் நடத்திவந்த விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர் என்பார், 1868-ல் அத்தீவிலே விடுதலைப்போர் மூண்டதன் பின்னர்த் தம் தொழிலைப் புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவுக்கு மாற்றினார். பிறகு 1885-ல் டாம்பாவை அடுத்து நிலம் வாங்கி, அங்கே ஒரு தொழிலூரையே எழுப்பினார். அவர் பெயரால் ஈபோர் நகரம் எனப்பட்ட அவ்வூர் 1887-ல் டாம்பாவோடு சேர்க்கப்பட்டது. கியூபரும் ஸ்பானியரும் சிசிலித் தீவிலிருந்து வந்த இத்தாலியரும் அங்கே ஒரே கூரையின்கீழ் அமர்ந்து சுருட்டுச் சுற்றினர்.

அத்தொழிற்சாலைகளிலே நிலவிய ஒரு வழக்கம் கல்லூரி மாணவர் அறியத்தக்கது. தொழிலாளர் கைகள் புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்க, உயர்ந்த மேடையொன்றில் அமர்ந்த வாசகர் ஒருவர் செய்தித்தாள்களையும் நாவல்களையும் உரக்கப் படிப்பார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து அளித்தனர். 1931-ல் ஆலை முதலாளிகள் அவ்வாசகர்களை நீக்கும்வரை இது நடைபெற்றது. இங்ஙனம் செவியாற் கற்ற தொழிலாளர்க்குக் கையில் எடுத்து உண்ணத்தக்கதாய், வயிறு நிறைப்பதாய் அமைந்த உணவு இச்சாண்ட்விச். கியூபர் சுட்ட இறைச்சியையும் ஸ்பானியர் ஹாமையும் இத்தாலியர் ஸலாமியையும் கொணர்ந்து ஒரே ரொட்டிக்குள் வைத்தனர் என்று டாம்பாவிலே கதை வழங்குகிறது. அவ்வூரிலே 1905-ல் தொடங்கப்பெற்ற கொலம்பியா உணவகமும் 1915-ல் தொடங்கப்பெற்ற லா செகுந்தா ரொட்டிச்சாலையும் இன்றும் நடைபெறுதலைத் தம் பக்கத்துச் சாட்சிகளாக அவர் காட்டுவர்.

மயாமி நகரத்தார் கூற்று வேறு. 1959-ல் கியூபாவிலே புரட்சி வென்றபின் தாய்நாடு துறந்து வந்தோர் பல்லாயிரவர் மயாமியிலே குடியேறினர். உடைமைகளை விட்டு வந்த அவர்கள் உடன் கொணரக் கூடியவை மொழியும், பாட்டும், நாவிலே தங்கிய சுவையுமே. ஹவானா நகரின் உணவுக்கடைகளிலே, பல இறைச்சி கலந்ததாதலின் 'மிக்ஸ்டோ' என்று அழைக்கப்பட்ட சாண்ட்விச்சை அவர்கள் அறிவர். அதே உள்ளீட்டை முட்டை சேர்த்த இனிப்பு ரொட்டியிலே வைத்தால் 'மெடியாநோச்சே', அதாவது நள்ளிரவு, என்னும் பெயர் பெறும் என்பதையும் அறிவர். "ஸலாமி எங்கள் நாட்டிலே இதனுட் புகுந்ததில்லை, இத்தாலியப் பண்டத்தைச் சேர்த்துவிட்டுக் கியூபாவின் பெயரை வைப்பது என்ன நியாயம்?" என்பது அவர்தம் வாதம். நாட்டை இழந்தவர்க்குச் சுவையும் கைவிட்டுப் போகின்றதே என்னும் வருத்தம் அவ்வாதத்தினுள்ளே ஒலிப்பதை நாம் இகழ்தல் கூடாது.

இந்நிலையிலே 2012-ல் டாம்பா நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. வரலாற்றுச் சிறப்புடைய டாம்பாக் கியூபச் சாண்ட்விச்சே தம் நகரத்துக்குரிய சாண்ட்விச் என்று அதன்கண் முழங்கினர். மயாமி நகரத்தார் நகைத்தனர், சிலர் சினந்தனர். செய்தித்தாள்கள் இருபக்கத்தும் எண்ணெய் வார்த்தன. இப்பண்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து மூவர் கூடி 2022-ல் ஒரு தனிநூலே வெளியிட்டனர் என்றால், இது சிறுவர் பூசலன்று என்பது விளங்கும்.

நிற்க. இவ்வாதங்களையெல்லாம் படித்து முடித்தபின் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. இத்துணை பேர் இத்துணை ஆண்டு வாதாடியதிலே, இப்பண்டத்துக்கு இன்றியமையாதது எது, இல்லாவிடினும் இழுக்கில்லாதது எது என்று எவரேனும் பிரித்துக் காட்டினரோ? 'எம் முன்னோர் இப்படிச் செய்தனர்' என்று மட்டுமே இருசாராரும் கூறினர். 'ஏன் இப்படிச் செய்தனர்' என்று வினவுவார் அரியர். ஆகவே யாமே அதனைச் செய்து பார்க்கத் துணிந்தோம். எம் வீட்டிலே அழுத்தும் பொறியும் இல்லை. கியூப ரொட்டியும் இவ்வூரிற் கிடையாது. இருந்தது ஓர் இரும்புத் தோசைக்கல்லும், தெருமுனை ரொட்டிக்கடையில் வாங்கிய நீண்ட மென்ரொட்டியுமே.

முதன்முறை நேர்ந்தது பெருந்தோல்வி. கல்லை நன்றாகக் காயவைத்து, ரொட்டியை அதன்மேல் இட்டு, தட்டைக் கரண்டியால் வலிய அழுத்தினோம். இரண்டு நிமிடங்களுக்குள் அடிப்புறம் கரிந்தது. வெட்டிப் பார்த்தபோது, உள்ளேயிருந்த பாலாடைக்கட்டி வைத்தது வைத்தபடியே குளிர்ந்து கிடந்தது. அருகே நின்ற எம் தமக்கையார், "தம்பி, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! தோசைக்குரிய தீயிலே அடை வேகுமா? கனத்த பண்டத்துக்குச் சிறு தீயும் பொறுமையும் வேண்டாவா?" என்றார். கல்லூரியிலே வெப்பம் கடத்தலைப்பற்றிப் பரீட்சை எழுதித் தேறிய எமக்கு அப்பொழுதுதான் அப்பாடம் விளங்கிற்று.

அவ்விளக்கத்தைச் சிறிது விரித்துரைப்போம். ரொட்டியின் மேற்புறம் சிவந்து மணம் பெறுதற்கு ஏறக்குறைய 140 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சுவிஸ் பாலாடைக்கட்டி உருகி ஒழுகுதற்கோ ஏறக்குறைய 65 பாகையே போதும். ஆயினும் முந்தியது நெருப்பை ஒட்டியிருக்க, பிந்தியது நெருப்புக்குத் தூரமாய் நடுவிலே இருக்கின்றது. இடையிலுள்ள ரொட்டியோ எண்ணிறந்த நுண்ணறைகளில் காற்றை அடைத்துவைத்துள்ளது. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தும் பொருளன்று. ஆதலின், தீ மிகுந்தால் வெளிப்புறம் கரியும்; உள்ளே சூடு புகாது. இவ்விடரை நீக்கவே பளுவும் சிறு தீயும் வேண்டியிருக்கின்றன. பளுவினால் நுண்ணறைகள் நசுங்கிக் காற்று வெளியேறுகின்றது, கனம் குறைகின்றது, அடுக்குகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. தீ சிறிதாயிருத்தலால், மேற்புறம் சிவக்கும் காலமும் உட்புறம் உருகும் காலமும் ஒத்து வருகின்றன. அழுத்துதல் அழகுக்காக ஏற்பட்ட சடங்கன்று. அதுவே இப்பண்டத்தின் உயிர்.

இரண்டாமுறை செய்தபோது முறை மாறிற்று. ஒருவர்க்கு ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ரொட்டியை எடுத்துக்கொண்டோம். ஹாம் நூறு கிராமும், முன்னாளே ஊறவைத்துச் சுட்டுக் குளிர்வித்த பன்றியிறைச்சி ஐம்பது கிராமும், பாலாடைக்கட்டி முப்பது கிராமும், ஊறிய வெள்ளரிக்காய்த் துண்டு மூன்றும் அளவென்று வைத்தோம். இறைச்சியை இயன்றமட்டும் மெல்லியதாக அரிந்தோம். கனத்த துண்டு ஒன்றை வைப்பதினும் மெல்லிய ஏடுகள் பலவற்றை மடித்துத் தளர்வாக வைப்பின் விரைவிற் சூடேறும். கடிக்கும்போதும் முழுத்துண்டாக இழுபட்டு வாராது. கீழ்ப்பாதியில் ஹாமும், அதன்மேற் சுட்ட இறைச்சியும், அதன்மேற் பாலாடைக்கட்டியும், எல்லாவற்றின்மேலும் வெள்ளரிக்காயும் அடுக்கி, மேற்பாதியிற் கடுகு விழுதைத் தடவி மூடினோம். வெளிப்புறம் இருமருங்கும் மெல்லியதாக வெண்ணெய் பூசினோம்.

பிறகு தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து அதன்மேல் ரொட்டியை இட்டோம். அதன்மேல் அடிதட்டையான சிறிய இரும்புச் சட்டி ஒன்றைத் தனியே சூடாக்கி வைத்து, சட்டியினுள்ளே அம்மிக் குழவியைக் கிடத்தினோம். கையால் அழுத்தினால் ஓரிடத்தில் மிகையும் ஓரிடத்திற் குறையுமாகும். குழவியின் பளுவோ எங்கும் ஒன்றுபோல் இறங்கிற்று. நான்கு நிமிடம் சென்றபின் திருப்பி மறுபுறமும் நான்கு நிமிடம் வைத்தோம். பாலாடைக்கட்டி ஓரங்களிலே கசிந்து கல்லிற்பட்டுச் சுர்ரென்று ஒலித்தது. அதுவே இறக்கும் பருவம். ஒரு நிமிடம் ஆறவிட்டுக் கூரிய கத்தியாற் குறுக்கே சாய்த்து வெட்டினோம். மேலோடு நொறுங்கிற்று, உள்ளே யாவும் இளகி ஒன்றுபட்டிருந்தன. தமக்கையார் ஒரு வாய் உண்டு, "இப்பொழுது சரி" என்றார். அவரிடமிருந்து அவ்விரண்டு சொற்களைப் பெறுதல் எளிதன்று.

இங்ஙனம் மும்முறை நான்முறை செய்து பழகியபின், இருநகரத்தாரும் கூறும் விதிகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தோம். விதிகள் இருவகைப்பட்டன. காரணமுடையன ஒருவகை, கொடிபோல உயர்த்திப் பிடிக்கப்பட்டன மற்றொருவகை.

ரொட்டியின் மேலோடு மெல்லியதாக இருத்தல் வேண்டும் என்னும் விதி காரணமுடையது. முரட்டு மேலோடுடைய ரொட்டியை அழுத்தினால் அது தட்டையாகாது. பிளந்து உள்ளீட்டைப் பிதுக்கும். உண்பவன் மேலண்ணத்தையும் புண்படுத்தும். கியூப ரொட்டியின் மாவிலே சிறிது பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதும் அம்மென்மைக்காகவே. அதன் முதுகிலே ஒருவகைப் பனையின் ஈரமான ஓலைக்கீற்றை நெடுக வைத்துச் சுடுவர். வேகும்போது அக்கீற்றின் வழியே ரொட்டி நேராக வெடித்து வடிவு பெறும். இத்துணை நுட்பமும் ஒரு பயன் கருதியே அமைந்தது.

இலைக்கீரையும் தக்காளியும் கூடா என்னும் விதியும் காரணமுடையது. அவை சூட்டிலே நீர்விட்டு மொறுமொறுத்த ரொட்டியை உள்ளிருந்தே நனைத்துக் கெடுக்கும். மயோனீஸ் என்னும் முட்டைக் குழம்பு சூடேறினால் எண்ணெய் பிரிந்து ஒழுகும். அதனை விலக்குதலும் முறையே. வெள்ளரிக்காயும் கடுகும் வேண்டும் என்னும் விதி எல்லாவற்றினும் உறுதியானது. மூன்று பங்கு கொழுப்பும் உப்புமான பண்டத்துக்குப் புளிப்பும் உறைப்பும் துணையாயிராவிடின் இரண்டாம் வாயிலேயே திகட்டும். தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தேடும் நம்மவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. இவ்விதிகளிலே டாம்பாவும் மயாமியும் பெரிதும் ஒன்றுபட்டே நிற்கின்றன என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்வார்களாக. காரணமுள்ள இடத்தே பூசல் இல்லை.

இனி, ஸலாமிக்கு வருவோம். நான்கு சாண்ட்விச்சுகள் செய்து, இரண்டில் ஸலாமி வைத்தும் இரண்டில் வையாமலும், எது எதுவென்று கூறாமல் வீட்டார் நால்வர்க்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு துண்டு கொடுத்தோம். ஸலாமி சேர்ந்தது சிறிது காரமும் மிளகு மணமும் உடையதாயிருந்தது. சேராததிலே சுட்ட இறைச்சியின் பூண்டு மணம் தெளிவாய்த் தோன்றிற்று. நால்வருள் இருவர் முன்னதையும் இருவர் பின்னதையும் விரும்பினர். 'இது மெய், அது போலி' என்று ஒருவரும் கூறினாரிலர். நால்வர் நாவைக் கொண்டு உலக வழக்கைத் தீர்த்துவிடலாம் என்று யாம் கருதவில்லை. ஸலாமியைச் சேர்த்தலாலும் நீக்கலாலும் இப்பண்டத்தின் அமைப்புச் சிதைவதில்லை என்பதை மட்டும் கண்டோம். ஆகவே அவ்விதி காரணத்தாற் பிறந்ததன்று. ஓர் ஊரிலே யார் யாரோடு அடுத்து வாழ்ந்தனர் என்பதனாற் பிறந்தது. சிசிலியர் அண்டை வீட்டிலிருந்தால் ஸலாமி வரும், இல்லையேல் வாராது. இரண்டும் உண்மையே. ஒன்றை உண்மையென்றும் மற்றொன்றைப் பிழையென்றும் கூறுதல், அண்டைவீட்டார் வாய்த்தவனையோ வாயாதவனையோ பழிப்பதாகும்.

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. "அங்ஙனமாயின் யாரும் எதனையும் வைத்துக் கியூபச் சாண்ட்விச் என்று பெயரிடலாமன்றோ? பெயருக்கு மதிப்பேது?" என்பர். இத்தடை வலியுடையது, இதனை எளிதாகத் தள்ளிவிட யாம் விரும்பவில்லை. எம் விடை இது. காரணமுடைய விதிகள் வேர் போல்வன. அவற்றை அறுத்தால் மரம் வீழும். அழுத்தாத ரொட்டியும், புளிப்பில்லாத உள்ளீடும், உருகாத பாலாடைக்கட்டியும் உடையதற்கு இப்பெயர் பொருந்தாது. வழக்கத்தாற் பிறந்தவை கிளை போல்வன. அவை ஊர்தோறும் வேறுபடும். எது வேர், எது கிளை என்று அறிதற்குப் பழமை ஒன்றே சான்றாகாது; செய்து பார்த்தலே சான்று. யாம் எம் வீட்டிலே செய்ததும் இவ்வகையில் முழு நிறைவுடையதன்று. எம் ரொட்டி கியூப ரொட்டியன்று. ஆதலின் எம் பண்டத்தைக் 'கியூப முறையிற் செய்தது' என்று சொல்வோமேயன்றிக் கியூபச் சாண்ட்விச் என்று சாதிக்கமாட்டோம். பெயரிலே நேர்மையும் வேண்டும். பிறர் வழக்கத்திலே பொறுமையும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பன்றியிறைச்சி உண்ணாதவரும் புலாலே உண்ணாதவரும் இம்மலரைப் படிப்போருட் பலர் உளர். அவர்கள் இதனைத் தமக்கு அயலான பேச்சென்று கருத வேண்டா. பாலாடைக்கட்டியும் ஊறிய வெள்ளரிக்காயும் கடுகும் மட்டும் வைத்து இதே முறையிற் குழவியிட்டு அழுத்தினால் நல்லதொரு சிற்றுண்டி கிடைக்கும். எம் தமக்கையார் வெள்ளிக்கிழமைகளில் உண்பது அதுவே. அதற்குக் கியூபாவின் பெயரை இடாமல் இருந்தால் போதும்.

மற்றொன்றும் கூறாது விடுதல் நேர்மையாகாது. டாம்பா நகரத்தார் தம் சாண்ட்விச்சைப் பல இனத்தார் கூடி வாழ்ந்ததற்குச் சின்னமாகக் காட்டுவர். அது பாதி உண்மையே. ஈபோர் நகரத்திலே ஸ்பானியர் 1891-லும் இத்தாலியர் 1894-லும் தத்தமக்கென்று உதவிச் சங்கங்கள் அமைத்தனர், கியூபரும் அமைத்தனர். விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி 1891-ல் அவ்வூருக்கு வந்து பேசியபோது, கறுப்பரும் வெள்ளையருமாகிய கியூபர் இருதிறத்தாரும் ஒருங்கே அவர் பக்கம் நின்றனர். ஆயின் நிறத்தால் மக்களைப் பிரித்துவைத்த புளோரிடாவின் அக்கால முறை அவ்வொற்றுமையை வாழவிடவில்லை. 1900-ல் கறுப்புக் கியூபர் தமக்கெனத் தனிச் சங்கம் காண நேர்ந்தது. அதன் வழிவந்த சங்கம் மார்த்தியின் பெயரையும், கறுப்பினத்தவரான படைத்தலைவர் மாசேயோவின் பெயரையும் சேர்த்துத் தாங்கியது. ஒரே தொழிற்சாலையிற் சுருட்டுச் சுற்றி, ஒரே வாசகரின் குரலைக் கேட்டு, ஒரே உணவை உண்டவர் மாலையிலே வெவ்வேறு வாயில்களிற் புகுந்தனர். ரொட்டிக்குள்ளே ஹாமையும் ஸலாமியையும் ஒன்றாய் வைத்தல் எளிது. ஒரு கூடத்திலே மனிதரை ஒன்றாய் அமர்த்துதல் அத்துணை எளிதாயிருக்கவில்லை.

இதனை எண்ணும்போதே, 'தூயது எது' என்னும் பூசல் எமக்கு விளையாட்டாகத் தோன்றாது போகின்றது. உணவிலே தூய்மை பேசுவோர் பெரும்பாலும் உணவோடு நிற்பதில்லை. உண்பாரையும் அளக்கத் தொடங்குவர். 'இன்னது சேர்ந்தால் எங்களுடையதன்று' என்னும் சொல், 'இன்னார் சேர்ந்தால் எங்களவரல்லர்' என்னும் சொல்லுக்கு அடுத்த வீட்டிலே குடியிருப்பது. உடன் அமர்ந்து உண்ணுதலை மறுத்து மக்களைத் தாழ்த்திய கொடுமையை நம் நாட்டு விடுதிகளும் பந்திகளும் கண்டதுண்டு. ஆதலின், காரணமில்லாத விதி எதுவாயினும், அது சிறு சிற்றுண்டியைப் பற்றியதேயாயினும், அதனை வினவிப் பழகுதல் கற்றவர் கடமை. வினவாதே விடுதலும் தவறு. வினவாதே வீசியெறிதலும் தவறு. கையிலே எடுத்துச் செய்து பார்த்து, நின்றதைக் கொண்டு, நில்லாததை விடுதல் வேண்டும்.

அவ்வாறு செய்து பார்ப்பதற்கு அடுக்களையைப்போல எளிய ஆய்வுக்கூடம் வேறில்லை. ஆயினும் நம் இளைஞருட் பலர் அதன் வாயிலைத் தாண்டியதில்லை. அன்னையும் தமக்கையும் ஆக்கி வைத்ததை உண்டு, குறைகூறுவதோடு தம் பங்கு முடிந்ததென்று இருப்போர் உளர். படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தொலைநாடு சென்றபின், அவர்களே பசிக்கு அஞ்சிக் கடைவாயிலில் நிற்கின்றனர். சமைக்கத் தெரியாமை ஆண்மைக்கு அழகு என்னும் எண்ணமும் முன்கூறிய காரணமில்லாத விதிகளுள் ஒன்றே; அதனையும் ஒருமுறை தோசைக்கல்லின்மேல் வைத்துப் பார்ப்பது நலம். எம் முதல் ரொட்டி கரிந்தபோது எமக்கு நேர்ந்த நாணம் எமக்கு நன்மையே செய்தது. நாள்தோறும் அடுக்களையில் நிற்பவர் நூலிற் படியாத இயற்பியலைக் கையாற் கற்று வைத்திருக்கின்றனர் என்பதை அன்றே உணர்ந்தோம்.

டாம்பா வெல்லுமோ, மயாமி வெல்லுமோ என்னும் வினா இன்னும் பல்லாண்டு நடக்கட்டும். அதனால் இருநகரத்து உணவுக்கடைகளும் வாழட்டும். ஆயின் இக்கட்டுரையைப் படித்து முடித்த மாணவ நண்பர் யாரேனும், வரும் விடுமுறையிலே தம் வீட்டிலே சிறு தீ மூட்டி, இரும்புக்கல்லை வைத்து, ரொட்டியின்மேற் பளுவேற்றிப் பொறுமையோடு எட்டு நிமிடம் காத்திருப்பாராயின் எமக்கு மகிழ்ச்சியே. முதற்பாதியை அன்னைக்கும் தமக்கைக்கும் கொடுத்து, மறுபாதியைத் தாம் உண்பாராக. உண்டபின் பாத்திரத்தைத் தாமே துலக்கி வைத்தால், தீர்ப்பு முழுமையடையும்.